பிரசவ அறையில் ஒரு ரிப்பேர் வேலை

என் முதல் பிரசவத்தை என் வீட்டுக்காரர் பார்க்கவில்லை. என் அம்மா பார்க்கவில்லை. ஃபேன் ரிப்பேர் செய்ய வந்தவர் பார்த்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மனிதர் தன் வேலையைத்தான் செய்தார். நான் மல்லாந்து கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஏணியைப் போட்டு, வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு, முடிந்தவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அலறியபோது ஒரே ஒருமுறை கீழே பார்த்து, "பயப்படாதீங்கம்மா, இதோ முடிஞ்சிடும்" என்றார். அவர் ஃபேனைச் சொன்னார் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் அன்று முழுக்க அந்த அறையில் என்னிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசியவர் அவர் ஒருவர்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பற்றிக்கொண்டும் வருகிறது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு விதி. பிரசவ அறைக்குள் உறவினர் யாரும் வரக்கூடாது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா, மாமியார், அக்கா, தங்கை, புருஷன் என்று ஒரு கூட்டமே நிற்கும். இந்தப் பக்கம் நாங்கள் ஆளுக்கொரு கட்டிலில் தனியாகக் கிடப்போம். எழுந்து நடக்கக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. சத்தம் போட்டால் பெரிய சிஸ்டர் வந்து உதட்டில் விரலை வைத்து "உஸ்" என்பார். அதனாலேயே அவருக்கு உஸ் சிஸ்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அத்தனை கட்டிலுக்கும் அவர் ஒருவர்தான். ஒரு கட்டிலில் குழந்தையின் தலை தெரியும் நேரத்தில் இன்னொரு கட்டிலில் தண்ணீர் கேட்பார்கள். மனுஷி எந்தப் பக்கம்தான் ஓடுவார்? இருந்தாலும், உயிர் போகிற வலியில் இருப்பவளிடம் "உஸ்" என்றால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாளாவது யோசித்திருக்கலாம்.

அதுவும் என்னிடம் போய். நான் பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்பவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்று மைக்கில் ஊருக்கே சொல்கிற வாய் இது. இந்த வாயைத்தான் அன்று பொத்தினார்கள்.

ஆகவே, இரண்டாவது குழந்தை உண்டானது தெரிந்ததும் என் வீட்டுக்காரரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். இந்த முறை தனியாகப் போக மாட்டேன், பக்கத்தில் என் ஆள் ஒருத்தர் இருக்க வேண்டும். அவர் தையல்காரர். பெண்களுக்கான உடை தைப்பதில் கெட்டிக்காரர். நான் சொன்ன அதிர்ச்சியில் ஊசியை விரலில் குத்திக்கொண்டார். துளி ரத்தம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். சரி, இவர் இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவைக் கூப்பிடலாம் என்றால், நான் தும்மினாலே அவள் அழுவாள். கடைசியில் யோசித்து யோசித்து நான் போய் நின்றது மாடி வீட்டு வாசலில். அங்கே இருப்பவள் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வார்த்தையைத் தவிர எங்களுக்குள் வேறு ஒட்டுதல் கிடையாது. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கயிற்றில் யாருக்கு எந்தப் பாதி என்று வருஷக்கணக்காகச் சண்டை.

ஆனால் அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கை நடுங்க, வியர்த்து விறுவிறுத்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஒருவரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எதிரே லாரி வரும்போதும் குரல் உயராமல் பேசுவதுதான் அவள் பிழைப்பு. எனக்கு வேண்டியது அந்தக் குரல்தான்.

"வலி வரும்போது நீங்க என்கூட இருக்கணும்க்கா" என்று கேட்டேன்.

"நானா? உனக்கும் எனக்கும் பேச்சே சரியில்லையே."

"இருக்கட்டும். மத்தவங்கல்லாம் என்னோட சேர்ந்து அழுவாங்க. நீங்க அழ மாட்டீங்க."

அவள் விறுவிறுவென்று மொட்டை மாடிக்கு ஏறினாள், நானும் பின்னாலேயே போனேன். அங்கே என் பாதிக் கயிற்றில் கிடந்த தன் போர்வையை எடுத்து அவள் பாதியில் போட்டுக்கொண்டாள். அதை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆள் கிடைத்தாயிற்று. விதி இருக்கிறதே. அடுத்த பரிசோதனை நாளில், டாக்டருக்காகக் காத்திருந்த பெஞ்சில் பேச்சைக் கிளப்பினேன். என் ஃபேன்காரர் கதையைச் சொன்னதுதான் தாமதம், பெஞ்சே பொங்கிவிட்டது. ஒருத்தியின் பிரசவத்தின்போது ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தார்களாம். இன்னொருத்திக்கு, குழாய் அடைப்பு எடுக்க வந்த இரண்டு பேர். அதில் ஒருவர் மற்றவரிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டிருக்கிறார். மூன்றாவது பெண் கொஞ்சம் கூச்சக்காரி. அவள் தயங்கித் தயங்கி, தன் குழந்தை பிறந்த நேரத்தை அவளுக்குச் சொன்னதே கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர்தான் என்றாள். வெளியே அவளுடைய அம்மாவுக்கு அது மறுநாள்தான் தெரிந்ததாம்.

சூட்டோடு சூடாக எல்லோரும் எழுந்து பெரிய டாக்டரின் அறைக்குப் போனோம். வயிறுகள் முதலில் நுழைந்தன, நாங்கள் பின்னால் நுழைந்தோம். அறை நிறைந்துவிட்டது. பெரிய டாக்டர்தான் ஆஸ்பத்திரிக்கே தலைவர். மரியாதையான மனிதர், யாரையும் கடிந்து பேச மாட்டார். "பார்ப்போம்" என்பார். அவர் பார்ப்போம் என்று சொன்ன எதையும் அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. அவர் அறையின் ஏசி வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்ப்போம் என்றுதான் விட்டிருப்பார்.

அவர் எங்களுக்கு நிதானமாக விளக்கினார். உறவினர்கள் வந்தால் கூட்டமாகிவிடும், கிருமி பரவும், பக்கத்துக் கட்டில் பெண்களுக்குச் சங்கடம். எல்லாம் நியாயம்தான். அதற்கு நானும் நியாயமாகவே பதில் சொன்னேன். ஒரே ஒரு பெண் வரட்டும், கையைக் கழுவிக்கொண்டு வரட்டும், கட்டில்களுக்கு நடுவே ஒரு திரை போடுங்கள். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர், படிப்பை முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த பெண், கூட ஆள் இருந்தால் பிரசவம் சுலபமாகிறது என்று நாங்கள் படித்திருக்கிறோம் என்று மெதுவாக ஒரு வார்த்தை சேர்த்தாள். பெரிய டாக்டர் அவளைப் பார்த்ததும் அவள் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அப்ப ஏணியோட உள்ள வந்தாரே ஃபேன்காரர், அவர் மேல கிருமி இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"அது அத்தியாவசிய வேலைம்மா."

"பக்கத்துல ஒரு ஆள் இருக்கறது அத்தியாவசியம் இல்லையா?"

அவர் ஏசியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பார்ப்போம்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த அத்தியாவசிய வேலை என் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. உறவென்றால் வாசலில் நிறுத்துகிறார்கள். ஸ்பேனர் என்றால் வழி விடுகிறார்கள். படியேறும்போதே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நேராக மாடிக்குப் போய் ஓரகத்தியிடம், "அக்கா, உங்களுக்கு ரிப்பேர் வேலை தெரியுமா?" என்று கேட்டேன்.

டயர் மாற்றத் தெரியும் என்றாள். அது போதும் என்றேன்.

ரிப்பேர்காரர்கள் நீல கோட் போட்டிருப்பார்கள். அதைத் தைக்கும் பொறுப்பை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். பிரசவ அறைக்கு வராமலேயே உதவ முடிகிறது என்பதில் மனிதருக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் கைப்பழக்கம் விடுமா? இடுப்பைச் சிறுத்துத் தைத்துவிட்டார். தோளில் பஃப் கை வைத்துவிட்டார். பாக்கெட்டில் 'ரிப்பேர்' என்று நூல் வேலை செய்து, சும்மா இருக்கிறதே என்று பக்கத்தில் ஒரு சின்னப் பூவையும் போட்டுவிட்டார். ஓரகத்தி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். ரிப்பேர் செய்யப் போகிறவள் மாதிரி இல்லை, ரிப்பேர் பற்றி நாட்டியம் ஆடப் போகிறவள் மாதிரி இருந்தாள். பிரிக்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்று அவள் முந்திக்கொண்டாள். மடித்து, கார் டிக்கியில் இருந்த கருவிப் பையோடு வைத்துக்கொண்டாள்.

வலி வந்தது ஒரு மதியம், வேலையில் இருக்கும்போது. மூன்றாவது மேடையில் நிற்கும் வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மைக் அதையும் பஸ் நிலையம் முழுக்கக் கொண்டுபோனது. மூன்றாவது மேடையில் இருந்த அத்தனை பேரும் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

போன் செய்ததும் ஓரகத்தி டிரைவிங் ஸ்கூல் காரிலேயே வந்துவிட்டாள். பாடத்தின் நடுவே வந்ததால் மாணவரும் கூடவே வந்திருந்தார். ரிட்டயரான ஆசிரியர், அன்றைக்கு அவருக்கு மூன்றாவது வகுப்பு. அவரை இறக்கிவிட்டு நீங்கள் ஓட்டுங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஓட்டட்டும், நான் உன் பக்கத்தில் இருக்கிறேன் என்று என்னுடன் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஆசிரியர் ஆளில்லாத தெருவில் இண்டிகேட்டர் போட்டார். நாய் படுத்திருந்தால் நிறுத்தி, அது எழுந்து போகும்வரை காத்திருந்தார். சைக்கிள்கள் எங்களை முந்தின. என் வலிகளுக்கு இடையில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அவர் வேகமும் குறைந்துகொண்டேதான் வந்தது. ஒருவழியாக ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பி, "பார்க்கிங் சரியா மேடம்?" என்று கேட்டார்.

கம்பிக் கதவு வரைக்கும் ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே வாசல்காரர், உறவினர் இத்தோடு நிற்கவும் என்றார். நான் மட்டும் உள்ளே போனேன். கதவு சாத்திய சத்தம் கேட்டதும், இவ்வளவு நேரம் விளையாட்டாக இருந்ததெல்லாம் போய்விட்டது. அதே அறை. அதே மல்லாந்த கிடை. எனக்குப் பயமாக இருந்தது. நன்றாகவே பயமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி. முதல் பிரசவம், காலையிலேயே வந்துவிட்டாளாம். போர்வையின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சத்தம் காட்டாமல், விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள். "அழணும்னா அழும்மா" என்று சொன்னேன். தலையை மட்டும் அசைத்தாள். திட்டுவார்கள் என்று பயம்.

எனக்கு அடுத்த வலி வந்து போவதற்குள் வாசலில் பேச்சுக்குரல். யார் நீங்கள் என்று வாசல்காரர் கேட்டார். ரிப்பேர் என்று ஓரகத்தி சொன்னாள். இப்போதுதான் இங்கே நின்றவள், கோட் போட்டதும் அவருக்கு அடையாளமே தெரியவில்லை. மாட்டிக்கொள்வாளோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவரோ, சொல்லி எத்தனை மாதமாயிற்று, இப்போதுதான் வருகிறீர்களா என்று அவளைச் சத்தம் போட்டுவிட்டு, பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து உள்ளே விட்டுப் போனார்.

இந்த ஒரு விஷயத்தை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் எல்லாமே உடைந்து கிடந்தது. ரிப்பேருக்கு ஆள் வந்துவிட்டது என்றதும் ஆளாளுக்கு அவள்மேல் பாய்ந்தார்கள். ஆயாம்மா குழாய்க்கு இழுத்தாள். உஸ் சிஸ்டர் விளக்கைக் காட்டினார். பக்கத்து வார்டிலிருந்து எட்டிப் பார்த்த நர்ஸ் ஒருத்தி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். நான் இருந்தது அறையின் கடைசிக் கட்டில். நடுவே அத்தனை ரிப்பேர்.

அவள் பையைத் திறந்தாள். உள்ளே காரின் ஜாக்கி, டயர் கழற்றும் ஸ்பேனர், நடுரோட்டில் வண்டி நின்றால் வைக்கும் சிவப்பு முக்கோணம். அந்த முக்கோணத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். குழாய் ஒழுகுவது நின்றது. பிறகு அதிலிருந்து தண்ணீரே வரவில்லை என்பது வேறு விஷயம். விளக்கை ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினாள். எரிந்தது. எல்லோரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள். அவள் விளக்கை மரியாதையோடு பார்த்தாள்.

"அந்தக் கடைசிக் கட்டில்ல ஒரு பெரிய கோளாறு இருக்கு. ரொம்ப நேரம் ஆகும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஒருவழியாக என்னிடம் வந்து சேர்ந்தாள். குழாயடிப் பக்கெட்டில் கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வந்தாள், அதையும் சொல்ல வேண்டும்.

இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் ஸ்பேனர். உஸ் சிஸ்டர் பக்கம் வரும்போதெல்லாம் கட்டில் காலை டங்கு டங்கு என்று தட்டுவாள். அவர் போனதும் நெற்றியைத் துடைத்துவிடுவாள். இப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது, சும்மா இருக்காமல் கட்டிலுக்கடியில் ஏதோ ஒரு திருகைத் திருகிவிட்டாள். படீர் என்று துரு உடைந்த சத்தம். தலைப்பக்கம் அப்படியே மேலே எழும்பியது, என்னையும் தூக்கிக்கொண்டு. மல்லாந்து கிடந்தவள் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவள் மாதிரி ஆகிவிட்டேன்.

கட்டிலை உடைத்துவிட்டேன் என்று ஓரகத்தி ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சின்ன டாக்டர் ஓடி வந்தாள். இந்தக் கட்டில் இப்படியெல்லாம் நிமிருமா என்று அவளே எங்களைக் கேட்டாள். நான், இறக்கிவிடாதீர்கள், இப்படி இருந்தால் வலி தாங்குகிற மாதிரி இருக்கிறது என்றேன். அவள் கட்டிலைப் பார்த்தாள், ஓரகத்தியின் கோட்டில் இருந்த பூவைப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே இருக்கலாம், நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, எதையும் கேட்காமல் போய்விட்டாள்.

வலி முறுகியது. எனக்கு மரியாதை போய்விட்டது. "என்னால முடியாது, நீ போ, எல்லாம் உன்னாலதான்" என்று ஓரகத்தியைக் கண்டபடி பேசினேன். கயிற்றுச் சண்டையையும் அதில் இழுத்தேன். அவள் குரல் மட்டும் மாறவே இல்லை.

"இது ஏத்தம். ஏத்தத்துல பதறக் கூடாது. மூச்ச மெதுவா விடு... இப்ப மேல வந்துட்ட. அவ்ளோதான். இனி இறக்கம். விட்டுடு, அதுவா இறங்கட்டும்."

ஒவ்வொரு வலியும் ஒரு ஏற்றம். ஒவ்வொன்றின் உச்சியிலும் இறக்கம் வரும் என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள், சொன்ன மாதிரியே வந்தது. முதல் பிரசவத்தில் எனக்கு இறக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஓரகத்தி மூச்சை விடு என்றால் பக்கத்துக் கட்டில் பெண்ணும் விட்டாள். எதிர்க் கட்டிலிலும் விட்டார்கள். யாருக்கு எப்போது ஏற்றம் என்ற கணக்கெல்லாம் இல்லாமல் அறையே சேர்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி, எனக்கு இறக்கம் எப்போது வரும் என்று அங்கிருந்தே கேட்டாள்.

அந்த நேரம் பார்த்தா பெரிய டாக்டர் உள்ளே வர வேண்டும்? ரிப்பேருக்கு ஆள் வந்திருக்கும் செய்தி அவர் அறைவரை போய்விட்டது. நேராக ஓரகத்தியிடம் வந்தார். தன் ஏசியை உடனே பார்க்க வேண்டும், வாளி நிரம்பிவிட்டது என்றார்.

"இங்க வேலை முடியல சார்."

"அப்படி என்ன வேலை?"

அவள் ஸ்பேனரால் கட்டிலைத் தட்டியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் எனக்கு ஒரு பெரிய வலி கிளம்பியிருந்தது. இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் எங்கேயோ விழுந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். ஒளிக்க ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்டது போல.

"இவ கையப் பிடிச்சுக்கற வேலை சார்" என்றாள்.

பெரிய டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உறவினருக்கு அனுமதி இல்லை என்று அவர் தொடங்கினார். நான் வாயைத் திறந்தேன். வலியும் கோபமும் ஒன்றாக வந்ததில், பழக்க தோஷம், அறிவிப்புக் குரல் வந்துவிட்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இவங்க இங்கிருந்து எங்கயும் புறப்பட மாட்டாங்க." அது கம்பிக் கதவைத் தாண்டி, வராண்டாவைத் தாண்டி, சாலைவரை கேட்டிருக்கும். செய்தி கேட்டு ஓடி வந்து வெளியே நின்ற என் வீட்டுக்காரர் பெஞ்சில் சாய்ந்துவிட்டதாகக் கேள்வி.

உஸ் சிஸ்டர் வேகமாக வந்தார். போச்சு, வாயைப் பொத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்கள் கட்டிலுக்கும் பெரிய டாக்டருக்கும் நடுவே வந்து நின்றார்.

"அவங்க ரிப்பேர்காரங்கதான் சார். நான்தான் இந்தக் கட்டில்ல போட்டேன்."

"சிஸ்டர், ரிப்பேர்காரங்க பையில கார் ஜாக்கியா?"

"இருக்கட்டும் சார். காலைலேர்ந்து ஒத்தையா ஓடறேன். இந்தம்மா வந்தப்புறம்தான் தண்ணி குடிச்சேன். நாலு கட்டில்ல யாரும் பதறல. என் வேலைய நான் ஒழுங்கா செய்யறேன். இவங்கள அனுப்பிட்டீங்கன்னா நீங்க வந்து கையப் பிடிங்க."

இத்தனை வருஷமாக அந்த அம்மாளிடம் இவ்வளவு பேச்சு இருந்தது என்று யாருக்குத் தெரியும்? பெரிய டாக்டர் நிமிர்ந்து நிற்கும் கட்டிலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, அடுத்த ஏற்றம் வந்துவிட்டது. அவர் குனிந்து தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்து ஓரகத்தியின் பக்கத்தில் வைத்தார். இங்கே முடிந்ததும் ஏசியைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு சீக்கிரமே பிள்ளை பிறந்தான். சின்ன டாக்டரும் சிஸ்டரும் பார்த்துக்கொண்டார்கள். கடைசி ஏற்றத்தில் ஓரகத்தி, "இப்ப மிதி" என்றாள். மிதித்தேன். பிள்ளையைத் துடைத்து என் மார்பில் போட்டார்கள். முதலில் அழுதது பிள்ளை, பிறகு நான். நிமிர்ந்து பார்த்தால், அழ மாட்டாள் என்று நம்பிக் கூட்டி வந்தவள் பஃப் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஏமாற்றுக்காரி.

விதி மாறுவதற்கு இன்னும் பல மாதம் ஆயிற்று. பெஞ்சுப் பெண்கள் இடுப்பில் குழந்தையோடு மறுபடியும் மறுபடியும் அந்த அறைக்குப் போனோம். சின்ன டாக்டர் தன் புத்தகத்தையே கொண்டுவந்து மேஜைமேல் விரித்தாள். இப்போது அங்கே கட்டிலுக்குக் கட்டில் திரை இருக்கிறது, கட்டிலுக்கு ஒரு துணை இருக்கலாம், நிமிர்கிற கட்டில் எல்லாம் நிமிர்கிறது. ஏசி மட்டும் இன்னும் சொட்டுகிறது.

ஆனால் அன்று மாலையில் விதி அப்படியேதான் இருந்தது. எனக்கு வலி ஓய்ந்திருந்தது. பிள்ளை வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கினான். பக்கத்துக் கட்டில் பெண் இன்னும் போர்வையைக் கடித்துக்கொண்டே கிடந்தாள். திடீரென்று அதை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓரகத்தியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, என் பக்கமும் ஏதாவது ரிப்பேர் பாருங்களேன்."

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் கையை விட்டேன். அவள் போய் அந்தப் பெண்ணின் கட்டிலோரம் உட்கார்ந்து, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அம்மா வந்திருப்பதாகவும், எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை, வீட்டுக்குப் போயிருப்பாள் என்றும் அந்தப் பெண் சொன்னாள். ஓரகத்தி எழுந்து நின்று கோட்டைக் கழற்றினாள். அதை உஸ் சிஸ்டரிடம் நீட்டினாள். சிஸ்டர் அதை நாலாக மடித்து, ஒரு துண்டுக்கடியில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் வாசல்காரர், இன்னொரு ஆளா, உள்ளே அப்படி என்னதான் உடைந்திருக்கிறது என்று அலுத்துக்கொள்வது கேட்டது. நீல கோட்டில் ஒரு அம்மாள் உள்ளே வந்தாள். கோட் முழங்கால்வரை தொங்கியது, பொத்தான்கள் மாற்றி மாற்றிப் போடப்பட்டிருந்தன. கையில் எதையாவது வைத்திருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருப்பார் போல, குடையைப் பிடித்திருந்தாள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடு அறையில் நின்றாள்.

"அந்தக் கட்டில்தான்மா. சீக்கிரம் போய்ப் பாருங்க" என்றார் சிஸ்டர்.

அம்மாள் போனாள். அந்தப் பெண் முதலில் கோட்டைத்தான் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். நாள் முழுக்கச் சத்தம் காட்டாதவள் வாய்விட்டு அழுதாள்.

"இவ்ளோ நேரம் எங்கம்மா போன?" என்று கேட்டாள்.

அவள் எங்கேயும் போகவில்லை. காலையிலிருந்து கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.